பழைய பதிவேடுகளில் ஓர் எலிசபெத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி

குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்காகப் பழைய ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, கப்பல் பயணிகள் பட்டியல் இவற்றையெல்லாம் படித்துக் கொடுப்பது என் வேலை. இதில் என்னை அதிகம் அலைக்கழிக்கும் பெயர் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: எலிசபெத். மரியாள் எந்த மொழிக்குப் போனாலும் மரியா, மேரி, மரீ என்று முகச்சாயல் தெரியும். எலிசபெத் அப்படி இல்லை. ஹங்கேரியில் எர்ஜேபெத், செக் மொழியில் அல்ஜ்பியெதா, ஸ்பெயினில் இசபெல், ஹவாயில் எலிகபேகா. வீட்டில் கூப்பிடும் பெயர்களைச் சேர்த்தால் கணக்கே இல்லை.

"கொள்ளுப்பாட்டி பெயர் எலிசபெத், ஆனால் பதிவேட்டில் அப்படி யாருமே இல்லை" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் அந்த அம்மாள் பதிவேட்டில்தான் இருப்பார். தேடுகிறவர் எதிர்பார்க்கிற எழுத்துகளில் இருக்க மாட்டார், அவ்வளவுதான். நான் எப்படித் தேடுகிறேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

வேரும் நான்கு மெய்யெழுத்தும்

எபிரேய மூலம் எலிஷேவா. 'எலி' என்றால் என் கடவுள். 'ஷேவா' என்பதன் வேரில் சத்தியம் செய்வதும் உண்டு, ஏழு என்ற எண்ணும் உண்டு. இரண்டும் எப்படி ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று பார்க்க ஆதியாகமம் 21-ஆம் அதிகாரத்தைப் புரட்டினால் போதும். ஆபிரகாம் ஏழு பெண்ணாட்டுக்குட்டிகளைத் தனியே நிறுத்துகிறார், அந்தக் கிணற்றைத் தோண்டியது தான்தான் என்பதற்குச் சாட்சியாக. அவரும் அபிமெலேக்கும் அங்கே ஆணையிட்டுக்கொள்கிறார்கள். அந்த இடத்துக்குப் பெயெர்செபா என்று பெயர் வந்தது. அந்தச் 'செபா'தான் எலிஷேவாவிலும் இருக்கிறது. ஆகவே 'என் கடவுளே என் சத்தியம்' என்று பொருள் சொல்வது வழக்கம். ஏழு என்பதை முழுமையின் எண்ணாக எடுத்துக்கொண்டு 'என் கடவுளே நிறைவு' என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டையும் நான் மறுப்பதில்லை.

பைபிளில் இந்தப் பெயர் இரண்டே பெண்களுக்குத்தான். ஒருவர் ஆரோனின் மனைவி. யாத்திராகமம் 6:23-ல் ஒரே ஒரு வரியில் வந்து போய்விடுகிறார். இன்னொருவர் லூக்கா முதல் அதிகாரத்தில் வரும் சகரியாவின் மனைவி, யோவான் ஸ்நானகனின் தாய். இந்த இரண்டாமவரை அறிமுகப்படுத்தும்போதே 'ஆரோனுடைய குமாரத்திகளில் ஒருத்தி' என்கிறார் லூக்கா. அதாவது தன் குலத்தின் மூத்த தாயின் பெயரைத் தாங்கியவர். தமிழ் வேதாகமத்தில் இது நம் கண்ணுக்குப் படாது. முதலாமவர் எலிசபாள், இரண்டாமவர் எலிசபெத்து. ஒன்று எபிரேயத்திலிருந்து வந்தது, மற்றது கிரேக்கத்திலிருந்து வந்தது. அதனால்தான் ஒரே பெயர் இரண்டாகத் தெரிகிறது.

கிரேக்க மொழியில் 'ஷ' கிடையாது, எபிரேயத்தின் அடித்தொண்டை ஒலியும் கிடையாது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் தோராவை, அதாவது பைபிளின் முதல் ஐந்து நூல்களைக் கிரேக்கத்துக்குக் கொண்டுபோனவர்கள் ஷேவாவை 'சபெத்' போல எழுதினார்கள். கடைசி 'த்' எங்கிருந்து முளைத்தது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது அதே பழைய ஏற்பாட்டில் வரும் இன்னொரு பெண்ணை. தன் சகோதரன் மகன் யோவாசைக் கொலையிலிருந்து ஒளித்துக் காப்பாற்றிய இளவரசி. 2 இராஜாக்கள் 11:2-ல் அவர் எபிரேயப் பெயர் யெஹோஷேவா. 2 நாளாகமம் 22:11-ல் யெஹோஷவ்அத். ஒரே ஆள், அதே ஷேவா, வாலில் மட்டும் ஒரு 'த்'. எபிரேயத்திலேயே அந்த வால் முளைக்க முடியும் என்பதற்கு இது போதும்.

இப்போது வேலைக்கு வருவோம். ஒரு தாளில் நான்கு எழுத்துகளை எழுதிக்கொள்ளுங்கள்: ல், ஸ், ப், த். இதுதான் எலும்புக்கூடு. உயிரெழுத்துகளை மறந்துவிடுங்கள், அவை எங்கே போனாலும் மாறும். அப்புறம், நீங்கள் தேடும் மொழியில் இந்த நான்கில் எந்த ஒலி இல்லை என்று பாருங்கள். இல்லாத ஒலிக்குப் பதில் பக்கத்து ஒலி ஒன்று உட்கார்ந்திருக்கும்.

ஹவாய் மொழியில் 'ஸ்' இல்லை, 'அம்பு' என்பதில் கேட்கும் 'ப' ஒலி இல்லை ('பல்' என்பதில் கேட்கும் 'ப' மட்டும் உண்டு), 'த்' வரவேண்டிய இடத்தில் 'க்' வரும். எலிகபேகாவை எழுத்து எழுத்தாக வைத்துப் பாருங்கள்: ல் அப்படியே இருக்கிறது, ஸ் போய் க், 'அம்பு'வின் ப போய் 'பல்'லின் ப, த் போய் இன்னொரு க். முதல் பார்வையில் யாரோ போலிருந்தவர் எலிசபெத்தாகவே நிற்பார். நியூசிலாந்தின் மாவோரி மொழியில் 'ல்' கிடையாது, 'ஸ்' கிடையாது. அங்கே இரிஹாபெத்தி. சமோவாவில் எலிசபெத்தா, டோங்காவில் இலிசபெசி. ஆர்மீனியர்களிடம் 'ல்' தொண்டைக்குள் போய் யெகிசபெத், ஜார்ஜியர்களிடம் எலிசபெத் கடைசியில் மென்மையான 'த்'துடன், எத்தியோப்பியாவில் எல்சபெத். ஹங்கேரிய எர்ஜேபெத்தில் 'ல்' போய் 'ர்' வந்திருக்கிறது. போலிஷில் எல்ஜ்பியெதா. கனடாவின் இனுயிட் மக்களிடம் எலிசபீ என்று வாலையே வெட்டிவிட்டார்கள். சீன மொழிச் சொல்லின் கடைசியில் 'த்' நிற்காது என்பதால் இலிஷாபாய். ஜப்பானில் எரிசாபெசு, அது ஆங்கில உச்சரிப்பைக் கேட்டு எழுதியது என்பதைக் கடைசி 'சு' காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தக் கடைசி விஷயம் உபயோகமானது. பெயரின் வடிவத்தைப் பார்த்தே அது எந்த மொழிக்காரர் வழியாக அந்த ஊருக்குள் வந்தது என்று ஊகிக்கலாம். போர்ச்சுகீசியர்களோ ஸ்பானியர்களோ கொண்டுபோன இடத்தில் இசபெல் இருக்கும். ஆங்கிலேய, ஜெர்மானிய மிஷனரிகள் போன இடத்தில் எலிசபெத் இருக்கும்.

இசபெல் என்ற பெரிய பொறி

தேடுகிறவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். இசபெல்லும் எலிசபெத்தும் ஒரே பெயர். தெற்கு பிரான்ஸ், ஸ்பெயின் பக்கம் இடைக்காலத்தில் இந்த மாற்றம் நடந்தது. முன்னால் இருக்கும் 'எல்' அந்த மொழிகளின் சுட்டுச்சொல் போல ஒலித்ததால் உதிர்ந்தது, ஸ்பானியச் சொற்களுக்கு 'த்' முடிவு ஒத்துவராததால் 'ல்' வந்தது என்பதே பொதுவாகச் சொல்லும் விளக்கம்.

ஒரே குடும்பத்துக்குள்ளேயே இதைப் பார்க்கலாம். ஹங்கேரி மன்னர் இரண்டாம் ஆண்ட்ராஷின் மகள் எர்ஜேபெத், 1207-ல் பிறந்து 1231-ல் ஜெர்மனியின் மார்பூர்கில் இறந்தவர், 1235-லேயே புனிதர் பட்டம் பெற்றவர். அவருடைய சகோதரியின் பேத்தி 1271-ல் அரகோனில் பிறந்தார். பெரிய பாட்டியின் பெயரையே வைத்தார்கள், ஆனால் அந்த ஊர் வாய்க்கு அது இசபெல். போர்ச்சுகலுக்கு அரசியாகப் போனார், 1625-ல் அவரும் புனிதரானார். போதாக்குறைக்கு இருவரைப் பற்றியும் ஒரே கதை: ஏழைகளுக்கு மறைத்துக் கொண்டுபோன ரொட்டி, கேட்டவர் முன்னால் ரோஜாப் பூக்களாக மாறியதாம். மடி நிறைய ரோஜாவோடு ஒரு சிலையைப் பார்த்தால் யார் என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள்.

இன்னும் நெருக்கமான உதாரணம் வேண்டுமா? 1545-ல் பிரான்ஸில் எலிசபெத் என்று பிறந்த வால்வா அரச குடும்பத்துப் பெண், ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்புக்கு மனைவியானதும் இசபெல் ஆகிவிட்டார். எல்லை தாண்டியதும் பெயர் மாறியது, ஆள் மாறவில்லை. அவர் பெற்ற மகளுக்கும் இசபெல் என்றே பெயர். பிரெஞ்சு ஆவணத்தில் ஒருவர், ஸ்பானிய ஆவணத்தில் இன்னொருவர் என்று நினைத்துக்கொண்டு இரண்டு அட்டை போட்டு வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்பானியப் பத்திரிகைகளில் தேடும்போது ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள். 1952-க்குப் பிறகு 'இரண்டாம் இசபெல்' என்று வந்தால் பெரும்பாலும் லண்டன் அரண்மனைக்காரர். ஸ்பெயினுக்கே சொந்தமாக ஓர் இரண்டாம் இசபெல் உண்டு, 1833 முதல் 1868 வரை ஆண்டவர். அரசர்கள் பெயரைத் தங்கள் மொழிக்கு மாற்றி எழுதும் பழக்கம் செய்த வேலை இது.

இங்கிலாந்தின் இடைக்கால ஆவணங்களில் எலிசபெத்தும் இசபெலும் ஒரே பெண்ணுக்கு மாறி மாறி வருவதுண்டு. ஸ்காட்லாந்தில் இந்தக் கலப்பு இன்னும் வெகுகாலம் நீடித்தது. அதனால் அங்கே தேடினால் இரண்டையும் போட்டுத் தேடுங்கள். ஆனால் 19-ஆம் நூற்றாண்டுக்கு வந்துவிட்டால் கவனம் தேவை. ஒரே வீட்டில் அக்கா எலிசபெத், தங்கை இசபெல்லா என்று இருப்பார்கள். அந்தக் காலத்துப் பெற்றோருக்கு அவை இரண்டு பெயர். இன்றைக்கும் அப்படித்தான். அமெரிக்காவில் 2009-லும் 2010-லும் பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைத்த பெயர் இசபெல்லா. எலிசபெத் பழங்காலப் பெயர் என்று ஒதுக்கிவிட்டு அதையே வேறு உருவத்தில் வைத்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

கணினி என்ன செய்யும், என்ன செய்யாது

ஆவணத் தளங்களில் 'ஒலி ஒத்த பெயர்கள்' என்றொரு கட்டம் இருக்கும். பல இடங்களில் அதற்குப் பின்னால் இருப்பது சவுண்டெக்ஸ் என்ற பழைய முறை, 1918-ல் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அடுத்து வரும் மெய்களுக்கு எண் கொடுக்கும். எலிசபெத்தை 'எஸ்' போட்டு எழுதினாலும் 'இசட்' போட்டு எழுதினாலும் 'ஈ' எழுத்தும் 421-ம் கிடைக்கும். எல்ஸ்பெத்துக்கும் போலிஷ் எல்ஜ்பியெதாவுக்கும் அதே 421. இதுவரை நல்லது. எர்ஜேபெத்துக்கு 621, ஏனென்றால் 'ல்' போய் 'ர்' வந்துவிட்டது. அல்ஜ்பியெதாவுக்கு எண் 421-தான், ஆனால் முதல் எழுத்து 'ஏ', எனவே கண்ணில் படாது. இசபெலுக்கு 'ஐ' எழுத்தும் 214-ம். பெட்டி என்ற பெயருக்கு 'பி' எழுத்தும் 300-ம். ஆக, அந்தக் கட்டத்தில் டிக் அடித்துவிட்டேன், இனி எல்லாம் வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். இசபெல், எர்ஜேபெத், பெட்டி, லிசா இவற்றைத் தனித்தனியாகத் தட்டுங்கள்.

வீட்டுப் பெயர்களை மூன்று துண்டாக யோசித்தால் எளிது. தலைப்பகுதியை வைத்துக்கொண்டவர்கள் எல்சா, எல்ஸெ, எல்சி, போலிஷ் எலா. நடுப்பகுதியை எடுத்தவர்கள் லிஸ், லிஸ்ஸி, லிசா, ரஷ்ய லீசா, ஜெர்மன் லீஸல். வாலை எடுத்தவர்கள் பெத், பெஸ், பெட்டி, பெட்ஸி, இத்தாலியின் பெட்டினா. தலையையும் வாலையும் ஒட்டவைத்தது எல்ஸ்பெத், நடுவையும் வாலையும் ஒட்டவைத்தது லிஸ்பெத். ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தை (1837–1898) உலகம் ஸிஸி என்றே அறியும், அது எந்தத் துண்டிலும் சரியாக அடங்காது. எலிசபெத் ஷார்லொத் என்ற இரண்டு பெயரை லீஸெலொட்டெ என்று ஒன்றாக்கிவிடுவது ஜெர்மன் வழக்கம்.

ஆங்கிலத்தில் ஒரு பழைய குழந்தை விடுகதை இருக்கிறது. எலிசபெத், எல்ஸ்பெத், பெட்ஸி, பெஸ் எல்லாரும் சேர்ந்து பறவைக்கூடு தேடப் போனார்கள். கூட்டில் ஐந்து முட்டை. ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள், மிச்சம் நான்கு. எப்படி? நான்கு பேரும் ஒரே பெண். குடும்ப மரத்தில் பெஸ்ஸுக்கு ஒரு கிளை, பெட்ஸிக்கு ஒரு கிளை என்று வரைந்துகொண்டு வருபவர்களுக்கு முதலில் நான் சொல்வது இந்த விடுகதையைத்தான்.

பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு

கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவேடு என்றால் பெரும்பாலும் லத்தீன். குழந்தையின் பெயர் ஓர் உருவத்திலும் தாயின் பெயர் வேற்றுமை ஏறிய உருவத்திலும் இருக்கும். 'யோஹன்னிஸ் எத் எலிசபெத்தே' என்றால் யோவானுக்கும் எலிசபெத்துக்கும் பிறந்த மகள் என்று அர்த்தம். கடைசி 'ஏ' ஆறாம் வேற்றுமை உருபு, பெயரின் பகுதி இல்லை. ஊரில் எல்லாரும் இல்ஸெ என்று கூப்பிட்ட பெண்ணைக்கூட பாதிரியார் லத்தீனில் எலிசபெத்தா என்றுதான் எழுதியிருப்பார். இது நமக்குச் சாதகம்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அச்சிலும் கையெழுத்திலும் சொல்லின் நடுவே வரும் 'எஸ்' நீளமாக, பார்ப்பதற்கு 'எஃப்' போலவே இருக்கும். அதனால் கணினி படித்த பட்டியல்களில் 'எலிஃபபெத்' என்று விநோதமாக ஒருவர் இருப்பார். சிரித்துவிட்டுக் கடந்து போகாதீர்கள், அதையும் தேடுங்கள். ஆங்கிலப் பதிவேடுகளில் 'எலிஸ்' என்று எழுதி மேலே குட்டியாக 'டிஹெச்' போட்டிருப்பார்கள். பழைய பதிவுகளில் 'எலிசா' என்றிருப்பது பல நேரம் எலிசபெத்தாவின் சுருக்கம்தான். எலிசா தனிப் பெயராகப் பரவியது பிற்பாடு.

ஜெர்மன் குடும்பம் என்றால் இரட்டைப் பெயரைக் கவனியுங்கள். அக்கா அன்னா எலிசபெத், தங்கை அன்னா மார்கரெத்தா. முன்னால் நிற்கும் அன்னா பேருக்குத்தான், கூப்பிடுவது பின்னால் இருப்பதை. பட்டியல் போட்டவர் முதல் பெயரை மட்டும் எடுத்திருந்தால் உங்கள் எலிசபெத் அன்னாக்களின் கூட்டத்தில் காணாமல் போயிருப்பார். அதே வீட்டில் இரண்டு எலிசபெத் பிறந்திருந்தால் இறப்புப் பதிவேட்டையும் பாருங்கள். முதல் குழந்தை தவறியபின் அடுத்ததற்கு அதே பெயர் வைப்பது சாதாரணம்.

பிறந்த தேதியும் துப்பு தரும், ஒரு புனிதரின் திருநாளையொட்டிப் பிறந்த குழந்தைக்கு அவர் பெயரையே வைப்பதுண்டு. ஹங்கேரியின் எலிசபெத்துக்கு நவம்பர் 19 திருநாள். 1969-ல் ரோம் அதை 17-க்கு மாற்றினாலும் ஜெர்மனியில் 19 நிலைத்துவிட்டது. கத்தோலிக்க ஊரில் நவம்பர் நடுவில் பிறந்த பெண்ணின் பெயர் மை சிதறி 'எலி...' வரை மட்டும் தெரிகிறது என்றால் எனக்கு முதலில் தோன்றுவது எலிசபெத்தான், எலியனோர் அல்ல. தோன்றுவதோடு நிறுத்திக்கொண்டு வேறு ஆவணத்தில் சரிபார்ப்பேன்.

சொந்தம் கொண்டாடக் கூடாதவை

ஆலிஸ் இந்தக் குடும்பம் இல்லை, அது ஜெர்மானியப் பெயர். எலிஃப் துருக்கியப் பெயர், அரபு எழுத்தான அலிஃபிலிருந்து வந்தது. பைபிளின் யேசபேல் அரசி கேட்பதற்கு இசபெல் போலிருந்தாலும் எபிரேயத்தில் முற்றிலும் வேறு பெயர். பெத்தனி ஓர் ஊரின் பெயர், அதைச் சுருக்கினாலும் 'பெத்' என்றுதான் வரும். பபெத் என்றால் பார்பராவாகவும் இருக்கலாம், எலிசபெத்தாகவும் இருக்கலாம். எல்லா எலிசபெத்துக்கும் ராணி சம்பந்தமும் கிடையாது. நியூ ஜெர்ஸியில் உள்ள எலிசபெத் நகரம், அந்தக் குடியேற்றத்தின் உரிமையாளர்களில் ஒருவரான ஜார்ஜ் கார்ட்டரெட்டின் மனைவி பெயரால் ஆனது. தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத், பொறுப்பு ஆளுநர் ரூஃபேன் டாங்கினின் மறைந்த மனைவி பெயரால் 1820-ல் வந்தது, 2021-ல் க்கெபெர்ஹா ஆனது.

யூதக் குடும்பங்களில் அரசு ஆவணத்தின் எலிசபெத்தை அப்படியே எலிஷேவா என்று மாற்றி எழுதிவிடாதீர்கள். வெளியில் ஒரு பெயர், ஜெப ஆலயத்திலும் கல்லறையிலும் வேறொரு எபிரேயப் பெயர் என்று இருப்பது சகஜம். கல்லறை எழுத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 1888-ல் ரஷ்யாவில் யூதர் அல்லாத குடும்பத்தில் பிறந்த எலிசவேத்தா ஷிர்கோவா, எபிரேயம் கற்று அந்த மொழியிலேயே கவிதை எழுதினார். 1925-ல் பாலஸ்தீனத்துக்குக் குடிபோனார். கவிதைகளில் அவர் வைத்துக்கொண்ட பெயர் எலிஷேவா. கிரேக்கம், ஸ்லாவிய மொழி என்று சுற்றிவந்த பெயரை அவரே அதன் பிறந்த இடத்து உச்சரிப்புக்குத் திருப்பினார்.

கடைசியாக, கண்டுபிடித்ததை எழுதி வைக்கும் முறை. ஆவணத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே, பிழையோடு, சுருக்கத்தோடு ஒரு கட்டத்தில் எழுதுங்கள். பக்கத்துக் கட்டத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்த ஒரே பொது வடிவம். மூன்றாவதில் அந்தப் பெண்ணை வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது, தெரிந்தால் மட்டும். பதிவேட்டில் பெட்டி என்று மட்டும் இருந்து வேறு சான்று கிடைக்கவில்லை என்றால் இரண்டாவது கட்டத்தில் எலிசபெத் என்று நிரப்ப வேண்டாம். பெட்டி என்றே ஞானஸ்நானம் பெற்றவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும், அடுத்த பதிவேடு கிடைக்கும் வரை.